எறக்குன்னா எறக்கணும்

என் வலது காதில் ஒரு துளை உண்டு. இடது காதில், போன வருஷம் வரைக்கும், கிடையாது. அருப்புக்கோட்டையில் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிற, ஐம்பதைத் தொட்டுவிட்ட, முடியைவிட வழுக்கை அதிகமுள்ள ஒரு ஆளுக்கு இதெல்லாம் ஒரு கவலையா என்று கேட்கலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றும். சலூன் கண்ணாடி முன்னால் உட்காரும்வரை தோன்றும்.

அந்த ஒற்றைத் துளை வந்த கதையை எத்தனையோ கல்யாண வீட்டு அடுப்படிகளில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். வெங்காயம் உரிக்கிறவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்திருக்கிறார்கள். வெங்காயத்துக்கும் அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் நான் விட்டுவிட்டுச் சொல்கிற பகுதி ஒன்று இருக்கிறது. இங்கே அதையும் சேர்த்துச் சொல்லப் போகிறேன். எழுதும்போது எதிரில் ஆள் இல்லை என்பது ஒரு தைரியம்.

எங்கள் ஊர் திருச்சுழி பக்கம். மல்லி, மிளகாய், கம்பு, பருத்தி. எதைப் போட்டாலும் மேலே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய நிலம். அப்பாவுக்குக் கோபமெல்லாம் வானத்தின் மேல்தான். வானம் எட்டாத உயரத்தில் இருந்தது, நான் அவருடைய இடுப்பு உயரத்தில் இருந்தேன். மழை பெய்யவில்லையென்றால் அடி. பெய்துவிட்டால், "வெதைக்கிற நேரத்துல எங்கலே போன?" என்று அடி. தூறல் மட்டும் போட்டால் அவருக்கே என்ன செய்வதென்று தெரியாது. அந்த நாட்களை நான் பண்டிகை போலக் கொண்டாடியிருக்கிறேன்.

எனக்கு அஞ்சு வயதில் குலசாமி கோயிலில் காதுகுத்து. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கும் குத்துவார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, அவர் கொண்டுவந்த தங்க வளையத்தின் கூரான முனையையே ஊசியாக வைத்து ஆசாரி குத்தி, அங்கேயே முறுக்கி விட்டுவிடுவார். குத்துகிற நேரத்தில் கொட்டுமேளம் உச்சத்துக்குப் போகும், பெண்கள் குலவை போடுவார்கள். மங்களம் என்று சொல்வார்கள். பிள்ளை அலறுவது யாருக்கும் கேட்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு என்பது மடியில் உட்கார்ந்தவனுக்கு மட்டும் தெரியும்.

வலது காதைக் குத்தினார்கள். "வேண்டாம், விடுங்க" என்று கத்தினேன். மேளம் என்னைவிட நன்றாகக் கத்தியது. மாமா என் கைகளை முழங்காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, "அவ்வளவுதான்டா, அவ்வளவுதான்டா" என்று சிரித்தார். இடது காதுக்கு ஆசாரி திரும்பியபோது மாமாவின் கையைக் கடித்துவிட்டு ஓடினேன். குண்டாற்று மணல் வரைக்கும் ஓடினேன். சந்தனம் பூசின மொட்டைத் தலை, புது வேட்டி அவிழ்ந்து கையில், ஒரு காதில் மட்டும் ஆடுகிற வளையம். அடுப்படிகளில் நான் சொல்கிற கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். எல்லாரும் சிரிப்பார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது இது. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு வந்து, கறிச்சோறு பந்தி நடந்துகொண்டிருந்த இடத்தில், இரண்டு வரிசைக்கும் நடுவில் நிறுத்தி அடித்தார். யாரும் எழுந்திரிக்கவில்லை. குழம்பு வாளியோடு வந்தவர் என் மேல் படாமல் ஒதுங்கி, என்னைச் சுற்றிக்கொண்டு போய், அடுத்த இலையில் ஊற்றினார். அப்பாவின் கையைவிட அந்த வாளி சுற்றிக்கொண்டு போனதுதான் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. அம்மா தள்ளி நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அடித்து முடித்த பிறகு அப்பா சபைக்குச் சொன்னார்:

"இனி இவனுக்கு இன்னொரு காது கெடையாது. ஒத்தக் காதோடயே திரியட்டும். ஊரு பாக்கட்டும்."

ஊர் பார்த்தது. பள்ளிக்கூடத்தில் என் பெயரே 'ஒத்தக்காதன்' ஆனது. கணக்கில் பெயிலானால், "காதையே முழுசாக் குத்திக்கிற துப்பில்ல, இவனுக்குக் கணக்கா வரப்போகுது?" என்பார்கள். கபடியில் பாதியில் மூச்சு வாங்கினால் அதற்கும் காதுதான் காரணம். எதையும் பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறவன் என்று என் தலையின் இரண்டு பக்கமும் எழுதி ஒட்டியிருந்தது. கொஞ்ச நாளில் நானும் அதை நம்பிவிட்டேன். சாப்பிடும்போது பாதியில் கை கழுவினால்கூட, 'பார், நீ இப்படித்தான்' என்று எனக்கே தோன்றும்.

ஒன்றே ஒன்று மட்டும் கற்றுக்கொண்டேன். கை ஓங்கின மனிதரைச் சிரிக்க வைத்துவிட்டால் கை பாதியில் நின்றுவிடும். அப்பா சாட்டைக் கம்பை எடுத்தால், "ஏம்ப்பா, மாட்டுக் கம்பு மாட்டுக்கு வேணும்ல, தேஞ்சிரப் போகுது" என்பேன். பத்துக்கு ஒரு தடவை சிரித்துவிடுவார். மற்ற ஒன்பதுக்கு அடி கொஞ்சம் கூடும். வியாபாரமாகப் பார்த்தால் நட்டம்தான். ஆனால் அந்த ஒரு தடவைக்காகவே நான் கோமாளியாகிவிட்டேன். இன்று என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் "அவரு வந்தா கலகலன்னு இருக்கும்" என்கிறார்கள். அந்தக் கலகலப்பு எந்த ஆலையில் தயாரானது என்று அவர்களுக்குத் தெரியாது.

மீசை முளைத்த வயதில் ஒருநாள் திருச்சுழியில் பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்கு வந்துவிட்டேன். பெரிய புரட்சியெல்லாம் இல்லை. ஏறிய பஸ்ஸில் பயத்தில் வாந்தி எடுத்து, கண்டக்டர் நடுவழியில் இறக்கிவிட்டு, அடுத்த பஸ்ஸில் வந்தேன். வீட்டை விட்டு ஓடினவனை வழியிலேயே இறக்கிவிட்ட கதை நான் கேள்விப்பட்டவரை என்னுடையது ஒன்றுதான்.

ஒரு பாத்திர வாடகைக் கடையில் வேலை கிடைத்தது. அந்தக் கடையை நினைத்தாலே இன்றும் மூக்கில் புளியும் சாம்பலும் கலந்த வாசனை வருகிறது. கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதில் ஊரையே சமைத்துப் போடுகிற அளவுக்கு அண்டாக்கள் கவிழ்ந்து கிடக்கும். வேலை இல்லாத மத்தியானங்களில், எவரும் பார்க்காதபோது, பெரிய அண்டா ஒன்றைச் சாய்த்து உள்ளே தலையை விட்டுப் பேசுவேன். என் கீச்சுக் குரல் உள்ளே போய், ஏழு ஊர் நாட்டாமையின் குரலாகத் திரும்பி வரும். "எவன்டா அவன்!" என்பேன். அண்டா அதட்டும். எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கும். பயந்தாலும் சந்தோஷமாக இருக்கும்.

எனக்கு ஜோடியாக என் வயதிலேயே ஒருவன் இருந்தான். இன்றும் இருக்கிறான், என் கடையில் பாதிப் பங்கோடு. கொதிக்கிற அண்டாவை அடுப்பிலிருந்து பந்திக்குக் கொண்டுபோக இரண்டு ஆள் வேண்டும். ஆளுக்கொரு வளையம், கையில் ஈரச் சாக்கு. அந்தத் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. இருவரில் எவன் "எறக்கு" என்றாலும் அடுத்தவன் அந்த நிமிஷமே இறக்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டு, அவன் பதில் சொல்லி, இவன் யோசிப்பதற்குள் நான்கு கால்களும் வெந்துவிடும். முதலில் இறக்கு, பிறகு பேசு.

நான் சேர்ந்த புதிதில் ஒரு கல்யாணம். சாம்பார் அண்டா. பாதி தூரத்தில் என் சாக்கு நழுவிவிட்டது. சுடுகிற வளையம் வெறும் விரலில். சொன்னால் திட்டு விழும், பாதியில் விட்டான் என்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். கண்ணில் பூச்சி பறந்தது. கடைசியில் எலிக்குஞ்சு மாதிரி ஒரு சத்தம் வந்தது: "எறக்கு."

அண்டா தரையில் இருந்தது. அவ்வளவு சீக்கிரம். அவன் முறைக்கவில்லை, "என்னலே ஆச்சு, துப்புக்கெட்டவனே" என்று சொல்லவில்லை. என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் சாக்கைக் கிழித்துப் பாதியை என்னிடம் கொடுத்தான்.

"தூக்குவமா?" என்றான்.

அதுவரைக்கும் என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்காக உலகத்தில் எதுவும் நின்றதில்லை. அன்றைக்கு ஒரு அண்டா நின்றது. அன்று பூராவும் எனக்கு அழுகை வந்துகொண்டே இருந்தது. "சாம்பார்ல காரம் தூக்கலா இருக்கு" என்று சொல்லிச் சமாளித்தேன். சமையல்காரர் அதைக் கேட்டுவிட்டு, நான் போகும்வரை என்னோடு பேசவில்லை.

இதையெல்லாம் சொல்வதால் நான் அன்றோடு வீரனாகிவிட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்குச் சொந்தக் கடை வந்தது, கல்யாணம் ஆனது, ஆனால் பயம் அப்படியே இருந்தது, வட்டியோடு. கல்யாண லோடு கிளம்பினால் பாதி வழியில், 'கரண்டி ஏற்றினோமா?' என்று வண்டியை நிறுத்தி, மேலே ஏறிப் பார்ப்பேன். பார்த்த கரண்டி உண்மையான கரண்டிதானா என்று அடுத்த ஊரில் இன்னொரு தடவை. தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் என் மனைவியிடம் கொடுத்துவிடுவேன். "ஏங்க, பாங்கிக்காரன் லோனு வேணுமான்னு கேக்குறான், அவன் உங்களக் கடிச்சா தின்னுருவான்?" என்பாள்.

காதுகுத்து விசேஷங்களுக்குப் பாத்திரம் கொடுப்பேன், ஆனால் ஆசாரி மணைப் பலகையில் உட்கார்ந்ததும் நான் அந்த இடத்தில் இருக்க மாட்டேன். அடுப்படிக்குப் பின்னால் போய், கழுவின தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருப்பேன். என் ஜோடிக்காரன் மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ஒரு தட்டை எடுத்துக் கழுவுவான். ஒன்றும் கேட்க மாட்டான்.

ஆனால் அந்த ஒரு சட்டத்தை நான் கடைக்குள் கொண்டுவந்துவிட்டேன். எங்கள் கடையில் எவர் "எறக்கு" என்றாலும் எல்லாம் நிற்கும், அண்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும். பாத்திரம் தேய்க்க வருகிற ஒரு அம்மாளின் புருஷன் ஒருநாள் குடித்துவிட்டு வாசலில் நின்று கூப்பிட்டான். அந்த அம்மாள் எங்கள் பக்கம் திரும்பாமலே, "அண்ணே, எறக்கு" என்று மட்டும் சொன்னார். கையிலிருந்ததை எல்லாம் அப்படியே வைத்துவிட்டு நாங்கள் போய் அவருக்கு முன்னால் நின்றோம். நான் நின்றது அவருக்கு முன்னாலும் என் ஜோடிக்காரனுக்குப் பின்னாலும். ஆனாலும் நின்றேன். அவன் கொஞ்ச நேரம் கத்திவிட்டுப் போய்விட்டான்.

இப்படி இருக்கும்போதுதான் போன வருஷம் தங்கையிடமிருந்து போன் வந்தது. என்னைவிட ரொம்ப இளையவள், நரிக்குடிப் பக்கம் வாக்கப்பட்டவள்.

"அண்ணே, கோயிலத் தெறந்துட்டாக!"

அவள் புகுந்த வீட்டாரின் குலசாமி கோயிலில் யாருக்கு முதல் மரியாதை என்று பங்காளிகளுக்குள் தகராறு வந்து, வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. அந்த வகையறாவில் அந்தச் சாமி முன்னால்தான் காது குத்த வேண்டும். அதனால் பிள்ளைகள் எல்லாம் மூளிக் காதோடு வளர்ந்துகொண்டிருந்தார்கள். தங்கை மகளுக்கு ஒன்பது வயதாகிவிட்டது. பங்காளிகள் இப்படியே இன்னொரு இருபது வருஷம் அடித்துக்கொண்டால் நான் வயதாகித் தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். சமாதானமாகிவிட்டார்கள். மனிதர்களை எதை நம்பி நம்புவது?

"தாய்மாமன் மடி ஒம்மடிதான், நெனப்பிருக்குல்ல?" என்றாள் தங்கை.

"இருக்கு, இருக்கு. மடியத் தேடிக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

தங்கை மகள், எனக்கு மருமகள் முறை, லீவு நாளில் எங்கள் கடைக்கு வந்துவிடுவாள். அவளுக்குப் பிடித்த விளையாட்டு எதுவென்று நினைக்கிறீர்கள்? அண்டாவுக்குள் தலையை விட்டுக் கத்துவது. நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை. "தூக்கு! எறக்கு!" என்று அவள் கத்த, அண்டா நாட்டாமை திருப்பிக் கத்தும். கொட்டகைப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய மத்தியானங்கள் திரும்பி வந்துவிடும்.

அந்த வாரம் அவள் கத்தவில்லை. அண்டாவில் சாய்ந்து உட்கார்ந்து காது மடலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"மாமா, வலிக்குமா?"

'எறும்பு கடிக்கிற மாதிரி' என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

"வலிக்கும் ஆத்தா" என்றேன். "மாமாவுக்கு வலிச்சுச்சு."

"அதான் ஓடிட்டீகளா?"

ஊரில் இந்தக் கதையைத் தெரியாத ஒருவரும் இல்லை. "ஆமா."

காது மடலை விடாமலே கேட்டாள்: "நான் எறக்குன்னு சொன்னா எறக்கி விட்டுருவீகளா மாமா?"

"விட்டுருவேன்."

"எல்லாரும் கத்துனாலும்?"

"எறக்குன்னா எறக்கணும். கடைச் சட்டம்ல."

அவள் எழுந்து விளையாடப் போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என் கவலை போதாதென்று அவளுடைய கவலையையும் வாங்கி வைத்துக்கொண்டாயிற்று.

விசேஷத்தன்று விடியவே குட்டியானை வண்டியில் பாத்திரத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஜோடிக்காரன் ஓட்டினான். திருச்சுழி தாண்டியதும் நான் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"கரண்டியா?" என்றான்.

"இல்ல. வளையம்."

"சட்டப் பையில இருக்கு. அருப்புக்கோட்டையிலருந்து அதத்தான் தடவிக்கிட்டே வாரே."

நரிக்குடி தாண்டி, கண்மாய்க் கரையோரம் கோயில். பூட்டிக் கிடந்த வருஷங்களின் பிள்ளைகள் அத்தனை பேரும் வரிசையில் இருந்தார்கள். கைக்குழந்தையிலிருந்து மீசை அரும்பினவன் வரைக்கும். அந்த மீசைக்காரனைத் தூக்கி மடியில் வைத்த தாய்மாமன் ஒல்லி ஆள். யார் மடியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சுற்றியிருந்தவர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கை ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டும் இருந்தேன்.

எங்கள் முறை வந்தது. மருமகள் பட்டுப்பாவாடையோடு வந்து என் மடியில் உட்கார்ந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை கனம்தான். தங்கை பக்கத்தில் நின்றாள், அவளுடைய மாமனார் எதிரில். நல்ல மனிதர். ஆனால் சபையில் சத்தமாகப் பேசுவதுதான் மரியாதை என்று நம்புகிறவர். ஆசாரி ஜோடி வளையத்தைத் தட்டில் வைத்துச் சாமிக்குக் காட்டிவிட்டு எடுத்தார்.

மேளம் ஏறியது. குலவை கிளம்பியது. என் காதுக்குள் அஞ்சு வயதுப் பையன் ஒருவன் ஓட ஆரம்பித்துவிட்டான். முதல் காது குத்தியாயிற்று. அவள் கத்தவில்லை, என் கட்டை விரலைப் பிடித்து முறுக்கியதில் நான்தான் கத்தினேன். ஆசாரி சுற்றி வந்து அடுத்த பக்கம் உட்கார்ந்தார். அப்போது அவள் முகத்தைத் திருப்பி, என் இடது காதோடு வாயை வைத்துச் சொன்னாள்:

"எறக்கு."

அந்த மேளத்தில் அது எனக்கு மட்டும்தான் கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிடலாம். ஒரு நிமிஷ வேலை, ஒரு குத்து, அவ்வளவுதான்டா, அவ்வளவுதான்டா. சபை சந்தோஷமாகச் சாப்பிடப் போகும். தாய்மாமன் காரியத்தை முழுசாகச் செய்து முடித்தான் என்பார்கள். என் வாழ்நாளில் நான் முழுசாக முடித்த முதல் காரியம் என்றுகூடச் சொல்லலாம். நான் சொல்லை மீறினேன் என்பது உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவளுக்குத் தெரியும். அது போதாதா?

எழுந்து அவளை இறக்கி விட்டேன்.

ஆசாரியின் கை அந்தரத்தில் நின்றது. மேளம் ஒவ்வொன்றாக நின்றது. கடைசியாக ஒரு சிங்கிச் சத்தம், அதுவும் வெட்கப்பட்டு நின்றது.

"என்ன மாப்ள?" என்றார் தங்கையின் மாமனார். "என்ன ஆச்சு?"

"பிள்ள எறக்குன்னு சொல்லுச்சு. எறக்கிட்டேன்."

"அது சொல்லத்தான் செய்யும்! நாலு பேரப் புடிக்கச் சொல்லி குத்தி விட்டுறலாம், ஒக்காருங்க."

எனக்கு ஒரு பகடியும் வரவில்லை. அதுதான் பெரிய பயம். சின்ன வயதிலிருந்து கூடவே இருந்த ஒரே ஆயுதம், வேண்டிய நேரத்தில் லீவு போட்டுவிட்டது. "வேணாம் மாமா" என்றேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். "யாரும் பிடிக்க வேணாம். அது சரின்னு சொல்லும்போது குத்திக்கிரட்டும்."

"நல்லாருக்கே! ஒத்தக் காதோடயா எம் பேத்தி வீட்டுக்கு வரும்? ஒங்க வீட்டு வழக்கத்த எங்க வீட்டுக்குக் கொண்டு வாரீகளா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். என் கால் ஓடப் பார்த்தது. மெய்யாகவே ஒரு அடி பின்னால் போய்விட்டது; செருப்பு இல்லாத பாதத்தில் மணல் பட்டது. அப்போது தங்கை முன்னால் வந்து நின்றாள்.

"எங்கண்ணே அன்னைக்கு வேண்டாம்னு சொன்னத ஒருத்தரும் கேக்கல மாமா" என்றாள். "எம் பிள்ள சொன்னத எங்கண்ணே கேட்டுச்சு. விடுங்க."

அவளுக்கு அடுத்து, அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்த என் ஜோடிக்காரன் நின்றான். கரண்டி கொஞ்சம் பெரியது.

பெரியவர் தொண்டையைச் செருமினார். குரல் இறங்கியது. "அதெல்லாஞ் சரித்தா. சாமி முன்னால தட்டுல வச்ச வளையத்த குத்தாம திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. எங்க வகையறாவுல அப்பிடி ஒரு பழக்கம் இல்ல. அதுக்கு என்ன சொல்றீக?"

எல்லாரும் ஆசாரியின் கையிலிருந்த வளையத்தைப் பார்த்தார்கள். இந்த இடத்தில்தான், வராமல் போன பகடி மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. வந்த வேகத்தில் என்னைக் கேட்காமலே வாயைத் திறந்துவிட்டது.

"சாமிக்குக் காதுதான வேணும்? எங்கிட்ட ஒண்ணு சும்மாதான் கெடக்கு."

சொன்ன மறு நொடியே திரும்ப வாங்கிவிடலாம் என்று பார்த்தேன். சபை அதற்குள் பிடித்துக்கொண்டுவிட்டது. குலவை எழுந்தது. மேளக்காரர்களுக்கு இவ்வளவு உற்சாகம் எங்கிருந்து வந்ததோ. தாய்மாமனுக்குத் தாய்மாமன் எங்கே என்ற கேள்வி எழுந்தது. என் ஜோடிக்காரன் சப்பணமிட்டு உட்கார்ந்து மடியைத் தட்டிக் காட்டினான். "வாலே, ராசா" என்றான். மடியில் உட்காராமல் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். ஆசாரி என் காதுமடலைத் தொட்டுப் பார்த்து, "முத்திப் போச்சே" என்றார், கத்திரிக்காயைச் சொல்வது மாதிரி.

வலித்தது. எறும்பெல்லாம் இல்லை. நான் போட்ட சத்தத்தில் கண்மாய்க் கரையிலிருந்த கொக்குகள் பறந்ததாகச் சொல்கிறார்கள். நான் கண்ணை மூடியிருந்ததால் பார்க்கவில்லை. திறந்தபோது மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள், ஒரு காதில் வளையம் ஆட. பெரியவரும் சிரித்துவிட்டார். கை ஓங்கின மனிதர் சிரித்த மாதிரி இருந்தது எனக்கு. வித்தியாசம் என்னவென்றால், இந்தத் தடவை நான் அடிக்குத் தப்பிக்கச் சிரிக்க வைக்கவில்லை.

பந்தியில் எனக்கும் அவளுக்கும் பக்கத்துப் பக்கத்து இலை. குழம்பு வாளிக்காரர் நேராக எங்களிடம் வந்து, "ரெண்டு காதுக்கும் ரெண்டு துண்டு கறி" என்று கூடுதலாகப் போட்டார். சாப்பிட்டு முடித்தேன். முழுசாக.

அதற்குப் பிறகு சில மாதங்கள் அருப்புக்கோட்டை கடைவீதியில் நான் நடந்தால் தனி மரியாதைதான். ஐம்பது வயதில், வலது காதில் வெறும் துளை, இடது காதில் பெண்பிள்ளை வளையம். டீக்கடையில், "என்ன முதலாளி, சினிமாவுல சேந்துட்டீகளா?" என்றார்கள். மனைவி என்னோடு கடைவீதிக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். புண் ஆறும்வரை கழற்றக் கூடாது. ஆறின பிறகும் நான் கழற்றவில்லை. அது பயத்தால் என்று வெளியில் சொல்லவில்லை, பாசம் என்று சொல்லிவைத்தேன்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொட்டகையில் சத்தம். "தூக்கு!" என்று அண்டா அதட்டியது. போய்ப் பார்த்தால் மருமகள் அண்டாவுக்குள்ளிருந்து தலையை எடுத்துக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நிற்கிறாள்.

"மாமா, நான் அடுத்த காதும் குத்திக்கிறேன். ஆசாரி வீட்டுக்குப் போவமா?"

"யாரு சொன்னா?"

"நாந்தான் சொல்றேன்."

"இப்பவேவா?"

"எனக்கு அந்த வளையந்தான் வேணும். ஒங்க காதுல இருக்கே, அது."

இப்போது அவளுக்கு இரண்டு காதிலும் வளையம் ஆடுகிறது. மேளமும் குலவையும் இல்லாமல், ஆசாரி வீட்டு மின்விசிறிச் சத்தத்தில், என் மடியில் உட்கார்ந்து குத்திக்கொண்டாள். ஆனால் அதற்கு முன்னால் அந்த வளையத்தை என் காதிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. ஆசாரி இடுக்கியைத் தேடி எடுத்தார். முறுக்கைப் பிரிக்க வேண்டும், லேசாக இழுபடும், ஒன்றும் ஆகாது என்றார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மருமகள் என் பக்கத்தில் வந்து நின்று கட்டை விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, வலிச்சா சொல்லுங்க."

இடுக்கி இன்னும் என் காதைத் தொடவே இல்லை.

"எறக்கு" என்றேன்.

அவள் உடனே ஆசாரியின் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். ஏன் என்று கேட்கவில்லை.